மரத்தில் கட்டும் ஏணித்துண்டுகள்

மதிய வேளையில் அந்த வேட்டைச் சாமான் கடையில் ஆள் இருப்பதில்லை. மழைச்சட்டைகளையும் வில்களையும் தாண்டிப் போனால், கடைசிச் சுவரில் அவை வரிசையாகத் தொங்கும். ஒரு முழத்துக்குச் சற்றுக் கூடுதலான நீளத்தில் உலோகத் தண்டுகள். ஒவ்வொன்றிலும் மேலே ஒரு ஜோடிப் படி, கீழே ஒரு ஜோடிப் படி. இவற்றை ஒன்றின் மேல் ஒன்றாக மரத்தில் பட்டை போட்டு இறுக்கிக்கொண்டே வேட்டைக்காரர் மேலே போவார். மேலே ஒரு சின்ன மேடையை மாட்டி, அதில் உட்கார்ந்து மானுக்குக் காத்திருப்பார். முடிந்ததும் எல்லாவற்றையும் கழற்றி முதுகில் போட்டுக்கொண்டு வீடு திரும்புவார். கடையில் கிளைம்பிங் ஸ்டிக் என்கிறார்கள். என் கணவர் ஏணித்துண்டு என்பார்.

நான் ஒவ்வொன்றாக எடுத்து, நகத்தால் தட்டி, காதருகில் வைத்துக் கேட்டேன். இரும்பு சுருக்கமாகப் பேசி நிறுத்திவிட்டது. அலுமினியம் நெடுநேரம் பாடியது. அந்த ஒலி மெலிந்து மெலிந்து போவதைக் கேட்டுக்கொண்டு நின்றபோது, கடைக்கு வெளியே ஓடிய கார்களும் என் மதிய இடைவேளையும் எங்கோ தூரத்தில் இருந்தன. மானுக்கு இந்த ஒலி கேட்கும். எனவே பாடும் தண்டு என்றால் அதற்குத் துணிநாடா சுற்ற வேண்டும். போனில் அதைக் குறித்துக்கொண்டேன்.

கடைப் பெண் பக்கத்தில் வந்து, யாருக்குப் பரிசு என்று கேட்டாள். கணவருக்கு என்றேன். அவரே வந்து காலை வைத்துப் பார்ப்பது நல்லது என்றாள். அவர் வரமாட்டார் என்று நான் சொல்லவில்லை. ஏழு மாதமாக அவர் ஏணி என்ற பொருள் இருக்கும் எந்த இடத்துக்கும் வருவதில்லை.

அவர் எலக்ட்ரீஷியன். ஏணிதான் அவருக்கு நாற்காலி மாதிரி. இங்கே நியூசிலாந்துக்கு வந்த பிறகு, வேலைத்தள நண்பர் ஒருவர்தான் அவருக்கு வில்வேட்டையைப் பழக்கினார். ஊருக்கு வடக்கே அந்த நண்பருடைய மாமாவின் பண்ணை. அங்கே மரத்தில் திருகி ஏற்றும் ஆணிப்படிகளில் ஒன்று, போன இலையுதிர் காலத்தில், பைன் மரப்பட்டையோடு பெயர்ந்து வந்துவிட்டது. அவர் தன் உயரத்தைவிடச் சற்று மேலேயிருந்துதான் விழுந்தார். குதிகால் எலும்பு உடைந்தது. அறுவைச் சிகிச்சை, கனமான பூட்ஸ், பிறகு நடை. எல்லாம் சரியாகிவிட்டது, ஒன்றைத் தவிர. கம்பெனி அவரை மனுரேவாவில் உள்ள கிடங்கில் ஸ்டோர் மேசையில் உட்கார வைத்தது. தயாரானதும் சொல்லுங்கள், பழைய வேலைக்கு அனுப்புகிறோம் என்றது. அவர் சொல்லவில்லை. நான் கேட்டால் "கால் இன்னும் கொஞ்சம் இறுக்கம்" என்பார். வீட்டில் பல்பு மாற்றுவது நானாகிவிட்டது. ஸ்டூலில் நான் ஏறும்போது அவர் அடுத்த அறைக்குப் போய்விடுவார்.

நான் ஒரு இயந்திரப் பொறியாளர். ஆஸ்பத்திரிக் கட்டில்களையும் நோயாளிகளைத் தூக்கும் கருவிகளையும் சோதிப்பது என் வேலை. ஏதாவது உடைந்தால் ஏன் உடைந்தது என்று கண்டுபிடிப்பேன், அடுத்ததை உடையாமல் செய்யச் சொல்வேன். அவர் விழுந்ததையும் அப்படித்தான் பார்த்தேன். தவறு படியில் இருந்தது. சரியான படியை நான் தேர்ந்தெடுத்துக் கொடுத்தால், அவர் மரத்தில் ஏறுவார்; மரத்தில் ஏறினால் ஏணியிலும் ஏறுவார்.

எங்கள் ஏவன்டேல் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தபோது அவர் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"என்னப்பா, ஏணித்துண்டு வாங்கிறதுக்கும் எக்செலோ?"

"ஆமா. உங்க குதிகால்ல ரெண்டு ஸ்க்ரூ இருக்கு. எக்செல் வேணும்."

"கலியாணத்துக்கு முதல் என்னையும் இப்பிடி ஒரு டேபிளில போட்டனீரோ?"

"போட்டேன். நீங்க ஒரே ஆள்தான் இருந்தீங்க. ஒப்பிட யாரும் இல்ல."

அவர் சிரித்துக்கொண்டே தேநீர் வைக்கப் போனார். அவர் யாழ்ப்பாணம், நான் ஈரோடு. அவர் கதைப்பார், நான் பேசுவேன்.

கார்பன் தண்டுகள் காற்றுப்போல் இருந்தன. ஆனால் கார்பனில் விரிசல் உள்ளே இருந்தாலும் வெளியே தெரியாது. அலுமினியம் கெட்டுப்போவதற்கு முன் பெரும்பாலும் வளைந்து காட்டும். சொல்லிவிட்டுத் தோற்கும் பொருள்தான் எனக்குப் பிடிக்கும். கயிற்றால் கட்டும் வகை சத்தமில்லாதது. ஆனால் பல்வைத்த பக்கிளில் பட்டையை இழுத்து இறுக்கும் வகையில், பட்டை மேல் வெள்ளைப் பேனாவால் ஒரு கோடு போட்டு வைக்கலாம். பட்டை நழுவினால் கோடு நகர்ந்திருக்கும். படி அகலமாக வேண்டும், அவருடைய பூட்ஸ் பெரியது. மரத்திலிருந்து படி சற்று விலகி நிற்க வேண்டும், இல்லாவிட்டால் கால்விரல் நுனியில்தான் நிற்க முடியும். இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்ததில் அலுமினியத்தில் ஒரு நான்கு துண்டுச் செட் மிஞ்சியது. நடுத்தர விலை. அதை வாங்கினேன்.

பெட்டி வந்த அன்று பழக்கத்தில் நான்கிலும் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டேன். எந்தப் புதுக் கருவிக்கும் வீட்டில் அதுதான் முதல் மரியாதை. அவர் ஒவ்வொன்றாக எடுத்து மணந்து பார்த்தார்.

"மான் இதை மணந்திட்டு, கோயில் எண்டு நினைச்சுக் கும்பிட வருமெண்டு நினைச்சீரோ?"

வாசனையில்லாத சோப்பைப் போட்டு அவரே கழுவினார். ஏணித்துண்டுகளை அவர் கையில் எடுத்தது எனக்குப் போதுமாக இருந்தது.

பின்பக்கத்து ஓக் மரத்தில் முதல் சோதனை. இடுப்பு உயரத்தில் ஒரு துண்டைக் கட்டி, அதன் படிகளில் பொன்னி அரிசி மூட்டைகளைத் தொங்கவிட்டேன். ஆபீசில் கட்டிலுக்கு எடைக்கற்கள் இருக்கின்றன, வீட்டில் அரிசிதான். மூட்டைகள் காற்றில் மெல்லச் சுற்றின. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து டோங்கா நாட்டு அக்கா எட்டிப் பார்த்தார். எலிக்குப் பயந்தா என்று கேட்டார். அவர் தலை மறைந்த பிறகும் சிரிப்பு கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு பகல் முழுக்க வெள்ளைக் கோடு நகரவில்லை.

"அரிசி ஏறியாச்சு," என்றார் கணவர். "இனி நானும் ஏறலாம் எண்டு சொல்ல வாறீர்."

"அவசரமே இல்ல."

"ஓம். அரிசியையும் ஒருத்தரும் அவசரப்படுத்தேல்லை."

அடுத்து இடைவெளி. ஒரு துண்டின் மேல்படிக்கும் அடுத்த துண்டின் கீழ்ப்படிக்கும் நடுவில் எவ்வளவு விடலாம் என்பதை ஏறுகிறவரின் கால்தான் சொல்ல வேண்டும். குறைவாக விட்டால் உயரம் கிடைக்காது. கூடுதலாக விட்டால் எம்ப வேண்டியிருக்கும். அவரைச் சமையலறைச் சுவரோரம் நிற்கவைத்து, வலிக்காமல் முடிந்த அளவு காலைத் தூக்கச் சொன்னேன். சுவரில் பென்சிலால் கோடு போட்டேன். மறுபடி தூக்கச் சொன்னேன். சராசரி எடுக்க வேண்டுமே.

"இன்னும் கொஞ்ச நேரம் நிண்டனெண்டா இந்தக் குசினி சிதம்பரமாகீடும்."

"ஆடாம நில்லுங்க. கோடு கோணுது."

அந்த நீளத்துக்கு ஒரு ரிப்பன் வெட்டிக்கொண்டேன். மரத்தில் அளவுநாடாவை விரித்துக்கொண்டிருக்க முடியாது.

பண்ணைக்குப் போன சனிக்கிழமை, நெடுஞ்சாலையிலிருந்தே மூடுபனி. மதியம் கடந்தும் அது விலகவில்லை. புல்வெளிகள் முடியும் இடத்தில் கானுகா புதர். அதன் ஓரத்தில் தனியாக ஒரு பைன். அவர் விழுந்த மரம் இல்லை, அதை நான் முன்பே கேட்டு வைத்திருந்தேன். பனி மரத்தின் பாதிக்கு மேல் எதையும் காட்டவில்லை. மேலே ஏறுகிறவர் அதற்குள் கரைந்துவிடுவார் போலிருந்தது. எங்கோ ஒரு டுயீ பறவை மணியடித்து, தொண்டையைச் செருமி, மறுபடி மணியடித்தது.

இரண்டு பேருமே பாதுகாப்புக் கவசப் பட்டைகளை மாட்டிக்கொண்டோம். ஓக் மரத்தில் பழகுவதற்காக எனக்கும் ஒன்று வாங்கியிருந்தேன். இடுப்பிலிருந்து மரத்தைச் சுற்றிப்போகும் பட்டை ஒன்று அதில் உண்டு. அதில் சாய்ந்துகொண்டால் இரண்டு கைகளும் வேலைக்கு விடுதலையாகும். வில்வேட்டைக்காரர்களும் மின்கம்பம் ஏறுகிறவர்களும் ஒரே பட்டையைத்தான் பயன்படுத்துகிறார்கள். அவர் முதல் துண்டை மரத்தில் வைத்து, பட்டையைச் சுற்றி, பக்கிளில் கொடுத்து இழுத்தார். விரல்கள் எதையும் மறந்திருக்கவில்லை. வலது காலைப் படியில் வைத்தார். இடது கால் தரையில் இருந்தது.

அப்படியே நின்றார்.

"லேஸ் இறுக்கமாக் கட்டீட்டன்," என்று காலை எடுத்தார். தளர்த்திக் கட்டினார். மறுபடி காலை வைத்தார். பைன் பட்டையில் உள்ளங்கையை ஊன்றி, மரம் ஏதோ சொல்வதைக் கேட்பவர் மாதிரி நின்றார். அவருடைய கழுத்துப் பின்புறம் நனைந்திருந்தது. பனியாக இருக்கலாம்.

"காத்து மாறுது போல," என்றார்.

காற்றே இல்லை.

எனக்கு அப்போதுதான் புரிந்தது, நான் எதையெல்லாம் சோதித்தேனோ அவற்றில் ஒன்றுகூட அவருடைய பயத்தின் எடையைத் தாங்கவில்லை என்று. ஆனால் அதை அந்த மரத்தடியில் சொல்லி என்ன பயன்?

"நான் கட்டிட்டு வரேன்," என்றேன். "நீங்க கீழேருந்து ஒவ்வொண்ணா அனுப்புங்க. எல்லாம் மாட்டினதுக்கப்புறம் ஏறுறது ஈஸி."

அவர் என் அருகில் வந்தார். என் பக்கிள்கள் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் மறுபடி இழுத்துப் பார்த்தார்.

ஏறுவது சுலபமாகவே இருந்தது. முதல் துண்டின் மேல் நின்று, இடுப்புப் பட்டையில் சாய்ந்து, ரிப்பனால் அளந்து அடுத்ததைக் கட்டுவேன். தலைக்கு மேலே கட்டிய துண்டைக் கையால் பிடித்து உடம்பை இழுத்துக்கொண்டால் கால் தானாக அடுத்த படிக்கு வந்துவிடும். அவர் கயிற்றில் மூன்றாவது துண்டை அனுப்பினார், நான்காவதை அனுப்பினார், கடைசியில் மேடையை அனுப்பினார். ஒவ்வொரு முறையும் "பிடிச்சிட்டீரோ?" என்பார்; "பிடிச்சாச்சு" என்பேன். பட்டைகளில் வெள்ளைக் கோடு போட்டேன்.

மேடையில் உட்கார்ந்து பின்னால் சாய்ந்தபோது மரம் மிக மெதுவாக அசைந்தது. கீழே நின்று பார்த்தால் தெரியாத அசைவு. தூங்குகிற ஒருவரின் நெஞ்சில் தலைவைத்திருப்பது போலிருந்தது. பனி எனக்குக் கீழேயும் இருந்தது, மேலேயும் இருந்தது. புல்வெளி மறைந்து, ஆடுகளின் முதுகுகள் மட்டும் வெண்மையாக மிதந்தன. ஈரோட்டிலிருந்து அம்மா போன வாரம் போனில் "மரம் ஏறவா உன்னை நியூசிலாந்துக்கு அனுப்பினோம்?" என்று கேட்டது ஞாபகம் வந்தது. ஆமாம்மா, இதற்குத்தான் போல, என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியாது. இவ்வளவு அமைதியான இடத்துக்கு அவர் ஏன் திரும்பத் திரும்ப வந்தார் என்பதை அவர் எனக்குச் சொன்னதேயில்லை. சொல்லியிருந்தாலும் நான் அதற்கு எக்செலில் ஒரு பத்தி ஒதுக்கியிருப்பேன், அவ்வளவுதான்.

"நான் வரேன். அடுத்து நீங்க," என்று கீழே குரல் கொடுத்தேன்.

நான்காவது துண்டின் கீழ்ப்படி வரை இறங்கினேன். இடது காலைக் கீழே விட்டேன். அங்கே படி இல்லை. காலை இன்னும் நீட்டினேன். காற்றுதான் இருந்தது. கால்விரலால் தடவினேன், மரப்பட்டை கிடைத்தது, படி கிடைக்கவில்லை.

குனிந்து பார்த்தேன். படி அங்கேதான் இருந்தது, நான் அளந்து கட்டிய அதே இடத்தில், என் பூட்ஸுக்கு ஒரு சாண் கீழே. ரிப்பன் அவருடைய காலின் நீளம். அவர் ஆறடி. நான் ஐந்தடியைத் தொடுவதற்கே செருப்பு வேண்டும். ஆபீசில் எந்தச் சோதனையிலும் நான் எழுதும் முதல் வரி, மிகக் குட்டையான ஆளும் இதைப் பயன்படுத்துவார் என்பது. வீட்டுக்கு வந்ததும், மரத்தில் ஏறப்போகும் ஆட்களில் என்னை நான் சேர்க்கவேயில்லை.

சிரிப்பு வந்தது. சிரித்தால் கால் நடுங்கும் என்று அடக்கிக்கொண்டேன்.

"என்ன, என்ன நடக்குது?" கீழிருந்து அவர் குரல்.

"எனக்கு எட்டல."

"என்ன எட்டேல்லை?"

"கீழ்ப் படி. உங்க அளவுக்குக் கட்டிட்டேன்."

கீழே புல்லில் அவர் பூட்ஸ் மரத்தை நெருங்கும் சத்தம் கேட்டது.

"இடுப்புப் பட்டை இறுக்கமா இருக்கோ?"

"இருக்கு. நான் விழமாட்டேன். இறங்கத்தான் முடியல."

"சாய்ஞ்சு இரும். அசையாதேயும். வாறன்."

உலோகத்தில் பூட்ஸ் ஏறும் சத்தம் கேட்டது. பிறகு இடுப்புப் பட்டை மரப்பட்டையை உரசிக்கொண்டு மேலே நகரும் சத்தம். மூச்சுச் சத்தம், வாயால் விடும் மூச்சு. இடையில் ஒருமுறை எல்லாச் சத்தமும் நின்றது. நான் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு பிசின் துளிக்குள் சிறு பூச்சி ஒன்று ஒளியோடு இருந்தது. பிறகு சத்தம் மறுபடி தொடங்கியது. ஒரு கை என் கணுக்காலைப் பிடித்தது. இரண்டாவது துண்டின் மேல்படியில் நின்றிருந்தார். கை நடுங்கியது. அந்த நடுக்கம் பூட்ஸ் வழியாக என் முழங்கால் வரை வந்தது.

"என்ர தோளில காலை வையும்."

நான் வைக்கவில்லை. வீட்டில் தெரியாமல் அவர் மேல் கால் பட்டால்கூடத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவள் நான். என் இரண்டு கைகளும் மரத்தைப் பிடித்திருந்தன. எதைக்கொண்டு தொடுவது, எப்படி ஒற்றுவது?

"உங்க தோள்லயா? பூட்ஸ் பூரா சேறு."

"மரத்தில தொங்கிக்கொண்டு மரியாதையோ? வையுமப்பா."

காலைத் தூக்கினேன். அதற்குள் அவர் விரல்கள் கணுக்காலை இறுக்கின.

"உஷ்."

கானுகா புதருக்குள்ளிருந்து மான்கள் வந்தன. நாலைந்து இருக்கும். பனிக்குள்ளிருந்து வந்ததால், முதலில் கால்கள் மட்டும், பிறகு முதுகுகள், பிறகு காதுகள். எங்களுக்கு நேர் கீழே வந்து புல்லைக் கடித்தன. புல் அறுபடும் ஓசை மேலே வரை கேட்டது. ஒன்று தலையைத் தூக்கி, ஒரு காலை மடக்கி, தரையில் கிடந்த எங்கள் பையைப் பார்த்தது. வில் காரில் இருந்தது. இருந்திருந்தாலும் யார் கையில் பிடிப்பது? ஒருத்தியின் கால் அந்தரத்தில், ஒருவரின் கையில் அந்தக் கால். இரண்டு பேரும் மூச்சை அளந்து விட்டோம். மரம் எங்களை மெல்ல அசைத்துக்கொண்டேயிருந்தது. பனி எல்லாவற்றையும் ஒரே நிறமாக்கி வைத்திருந்தது. மான்கள் கடந்துபோய், கடைசி மானின் வெள்ளை வாலும் மறைந்த பிறகுதான் கவனித்தேன், என் கணுக்காலில் இருந்த கை நடுங்கவில்லை. அது எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை.

"இப்ப வையும்," என்றார் மெதுவாக.

வைத்தேன். தோள் என் எடையில் கொஞ்சம் இறங்கி, பிறகு நின்றது. அடுத்த கால் படியைத் தொட்டது. அடுத்த இடைவெளியிலும் அப்படித்தான். அவர் ஒரு படி, நான் ஒரு தோள். தரையில் கால் பட்டதும் எனக்கு நிலம் கொஞ்சம் ஆடியது.

அவர் முதல் துண்டில் ஒதுங்கி நின்று எனக்கு வழிவிட்டிருந்தார். இன்னும் இறங்கவில்லை. மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இறங்குங்க," என்றேன். "இன்னைக்கு இது போதும்."

"பொறும்."

அவர் மேலே போனார். வேகமாக இல்லை, ஒவ்வொரு படியிலும் நின்று, பட்டையை மேலே தள்ளி, மூச்சு விட்டு. தோளில் என் பூட்ஸின் சேறு முழு அச்சாகப் பதிந்திருந்தது. இரண்டாவது துண்டில் நின்று, மூன்றாவதின் கீழ்ப்படிக்குக் காலைத் தூக்கிப் பார்த்தார். பாதியில் முகம் சுளித்துக் காலைக் கீழே வைத்தார்.

"இங்க பாருமப்பா, இந்த இடைவெளி எனக்கும் கூடிப்போச்சு. கீழ உள்ளதையும் பல்லைக் கடிச்சுக்கொண்டுதான் ஏறினனான்."

"சுவர்ல சரியா இருந்ததே?"

"சுவரில நிண்ட கால் வேற. நீர் பென்சிலோட நிக்கேக்க, கொஞ்சம் வலிச்சாலும் தூக்கினனான். சொல்லேல்லை."

ஏழு மாதத்தில் முதல்முறையாக வலி என்ற சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டேன்.  அவர் இடுப்புப் பட்டையில் பின்னால் சாய்ந்தார். ஒரு கையை மரத்திலிருந்து எடுத்தார். சற்றுப் பொறுத்து மற்றக் கையையும் எடுத்தார். இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே கொண்டுபோய், மூன்றாவது துண்டின் பக்கிளைத் தளர்த்தினார். என் வெள்ளைக் கோடு நகர்ந்தது.

"அதை இறக்கினா நாலாவதையும் இறக்கணும்," என்றேன் கீழிருந்து.

"ஓம்."

"அப்போ மேடையும் கீழ வரணும். உயரமே இருக்காது."

"வரட்டுமே. மான் என்ன டேப் வைச்சு அளந்தே பாக்கப் போகுது?"

பற்களுக்கிடையில் பட்டையின் நுனியைக் கவ்விக்கொண்டு, துண்டை ஒரு சாண் கீழே நகர்த்தி, இரண்டு கையாலும் இழுத்து இறுக்கினார். பக்கிள் கடகடவென்று பல் மாறிப் பிடித்தது. அதன் மேல் காலை வைத்து அழுத்திப் பார்த்தார். பிறகு ஏறி நின்று, நான்காவது துண்டுக்குக் கைகளை நீட்டினார்.